‘யாரோ இவர்’ யார் பேச்சு? அருணாசலக் கவிராயரைக் கேட்க ஓர் எளிய வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பின்னேரம் நடந்தால், எங்காவது ஒரு வீட்டிலிருந்து சுருதிப்பெட்டிச் சத்தம் கேட்கும். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். உங்கள் பிள்ளை அப்படி ஒரு வகுப்புக்குப் போகிறது என்றால், ‘யாரோ இவர் யாரோ’ என்ற பாட்டு இன்றோ நாளையோ உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். பிள்ளை அதைப் பாடமாக்கும். கேட்டுக் கேட்டு நீங்களும் பாடமாக்கிவிடுவீர்கள். ஆனால் அந்தப் பாட்டில் யார், யாரைப் பார்த்து, எந்த இடத்தில் கேட்கிறார் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது ஒரு நாடகத்தின் நடுவிலிருந்து எடுத்த துண்டு; முன்னும் பின்னும் இல்லாமல்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தது. நாடகத்தின் பெயர் ‘இராம நாடகக் கீர்த்தனை’. எழுதியவர் சீர்காழி அருணாசலக் கவிராயர்.

யார் இவர்? 1711இல் சோழநாட்டில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தில்லையாடியில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். தருமபுரம் ஆதீனத்தில் (சைவ மடம்) தமிழும் சைவ நூல்களும் படித்தார். பிறகு குடும்பம் நடத்தினார். சில காலம் காசுக்கடை வைத்துப் பிழைத்தார் என்று அவரைப் பற்றிய பழைய குறிப்புகள் சொல்கின்றன. பின்னர் சீர்காழியில் குடியேறினார். பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அந்த ஊரே. அசோமுகி நாடகம், சீர்காழித் தலபுராணம், அனுமார் பிள்ளைத்தமிழ் என்று வேறு நூல்களும் எழுதியிருக்கிறார். 1779இல் காலமானார். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, இவர் ஆகிய மூவரையும் சேர்த்துத்தான் ‘தமிழிசை மூவர்’ என்கிறோம்.

அந்த ஆண்டுகள் எவ்வளவு பழையவை? கொழும்பை வைத்தே கணக்குப் பார்க்கலாம். கவிராயர் வாழ்ந்த காலம் முழுவதும் கொழும்பு ஒல்லாந்தர் கையில் இருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மேட்டில் இன்றும் நிற்கும் வுல்ஃபெண்டால் தேவாலயத்தை 1749இல் கட்டத் தொடங்கினார்கள். 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். அதைக் கட்டத் தொடங்கியபோது கவிராயருக்கு 38 வயது. தியாகராஜ சுவாமிகள் பிறந்தது 1767இல். அதாவது கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் பாட ஆரம்பிக்கும் முன்பே கவிராயர் தன் வேலையை முடித்துவிட்டார்.

கவிராயர் பிறந்தபோது ஐரோப்பாவில் பரோக் இசையின் காலம் (சுமார் 1600 முதல் 1750 வரை). அங்கே ஓபரா (பேச்சுக்குப் பதில் பாட்டாலேயே நகரும் நாடகம்) கொடிகட்டிப் பறந்தது. கவிராயர் பிறந்த அதே 1711இல் ஜெர்மானியரான ஹாண்டல் லண்டனில் ‘ரினால்டோ’ என்ற ஓபராவை மேடையேற்றிப் பெயர் வாங்கினார். ஹாண்டல் பிறந்த ஊர் ஹாலே. அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்கு பாதிரியார்தான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடமும் வைத்தவர். தில்லையாடியிலிருந்து அந்த இடம் நடந்தே போகும் தூரம். இதனால் கவிராயருக்கு ஓபரா தெரிந்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சாகஜி (ஆட்சி 1684–1712) தாமே தெலுங்கில் இசைநாடகங்கள் எழுதியவர். குறவஞ்சி, பள்ளு என்ற பாட்டு நாடகங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. பாட்டால் கதை சொல்லும் வழக்கம் காவிரிக்கரையில் வேரூன்றிப் போன ஒன்று.

அப்படியென்றால் இராம நாடகத்தில் புதிதாக என்ன செய்தார்? கம்பராமாயணத்தை எடுத்தார். காண்டம் காண்டமாக, கதை போகும் வழியிலேயே போனார். கதையைத் தள்ளிக்கொண்டு போக விருத்தமும் (தாளம் இல்லாமல் நீட்டிப் பாடும் செய்யுள்), இரண்டிரண்டு அடிகளாக ஓடும் கண்ணிகளும் வைத்தார். ஒரு பாத்திரம் மனம் திறக்க வேண்டிய இடம் வந்ததும், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பகுதி பிரித்த ‘தரு’ (நாடகப் பாட்டு) ஒன்றைப் பாட வைத்தார். இன்று கச்சேரியில் கேட்பவை பெரும்பாலும் இந்தத் தருக்கள்தான். விருத்தங்களையும் கண்ணிகளையும் விட்டுவிட்டோம். கதையும் அவற்றோடு போய்விட்டது.

பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அவரேதானா? இந்தச் சந்தேகம் நியாயமானது. சீர்காழியை ஒட்டிய சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமய்யர், கோதண்டராமய்யர் என்ற இரு பாடகர்கள் அவரிடம் கம்பராமாயணம் பாடம் கேட்டவர்கள். சொல்லும் அமைப்பும் கவிராயருடையவை, இசை அமைப்பில் இந்த மாணவர்களின் கை பெரிது என்பதே வழிவழியாக வரும் செய்தி. குரு எழுத, சீடர்கள் பாடிப் பார்க்க வளர்ந்த வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

நாடகம் அரங்கேறியது திருவரங்கத்தில். அரங்கேற்றம் என்றதும் இன்று நமக்கு நினைவு வருவது பிள்ளைகளின் நடனம். அன்று அது, ஒரு நூலைச் சபையில் பாடி, பொருள் சொல்லி, அறிந்தவர்களின் ஒப்புதல் வாங்குவது. சைவ மடத்தில் படித்த ஒருவர் இராமன் கதையைப் பாடி, வைணவத்தின் தலைமைக் கோயிலில் ஒப்புதல் கேட்டுப் போய் நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே கோயிலார் தயங்கினார்கள் என்றும், படுத்திருக்கும் அரங்கநாதரைப் பார்த்து ‘ஏன் பள்ளி கொண்டீரையா’ என்ற மோகன ராகப் பாட்டைக் கவிராயர் பாடினார் என்றும், பிறகு வழி திறந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, பாட்டு அருமை. வில்லை ஒடித்த களைப்பா, காட்டில் நடந்த களைப்பா என்று இராமாயணம் முழுவதையும் கேள்விகளாக அடுக்கி, அதனால்தான் படுத்துவிட்டீரா என்று சாமியையே விசாரிக்கிறார். பக்தியோடு கொஞ்சம் குறும்பும் கலந்த பாட்டு. பலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு சின்னச் சிரிப்போடு பாட வேண்டும்.

பிறகு சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் கவிராயரை அழைத்துப் பாட வைத்துப் பெரும் பரிசு கொடுத்தார். புகழ் வந்து சேர்ந்தபோது கவிராயருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொள்வதால் உங்களுக்கு என்ன பயன்?

முதல் பயன் உங்கள் பிள்ளைக்கு. ‘யாரோ இவர் யாரோ’ பாலகாண்டத்தில் வருகிறது. விசுவாமித்திரரோடு இராமனும் இலக்குவனும் மிதிலைத் தெருவில் நடந்து போகிறார்கள். கன்னிமாடத்தில் சீதை நிற்கிறாள். வில் ஒடிப்பதற்கு முன்பே இருவரும் பார்த்துக்கொள்ளும் இந்தக் காட்சி வான்மீகியில் இல்லை, கம்பர் கொடுத்தது. கவிராயர் அதைப் பிடித்துக்கொண்டு இராமனைப் பேச வைத்தார். பல்லவியில் கேள்வி மட்டுமே இருக்கிறது. எங்கே பார்த்தான் என்பது அனுபல்லவியில் வருகிறது. அவள் முகத்தையும், அவள் தன்னைப் பார்க்கும் விதத்தையும் சரணத்தில் சொல்கிறான். ‘இவர்’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், நடனத்தில் சிலர் இதைச் சீதை கேட்பதாகவும் ஆடுகிறார்கள். கன்னிமாடத்தில் நிற்பவரைப் பற்றிய பாட்டு என்று அனுபல்லவியே சொல்வதால், இராமனுடைய பேச்சு என்பதே பொருந்தும். எப்படி ஆடப்போகிறார்கள் என்று ரீச்சரிடம் பிள்ளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஏனென்றால் நிமிர்ந்து பார்ப்பதா, மாடத்திலிருந்து குனிந்து பார்ப்பதா என்பதே அதில் மாறிவிடும்.

பாடுகிற பிள்ளைக்கும் இது உதவும். ஒருவரை முதல்முறையாகப் பார்த்துத் திகைத்து நிற்பவன் பல்லவியை எப்படிச் சொல்வான்? முதல் தடவை தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். அடுத்த தடவை கொஞ்சம் துணிவு வரும். சங்கதிகள் (ஒரே வரியைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாடுவது) அந்தத் திகைப்பு வளர்வதற்கான படிகள். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பிள்ளை பாடுவதைக் கேட்டுப் பாருங்கள்.

ராகம் பற்றிக் குழப்பம் வருகிறதா? ‘யாரோ இவர்’ பாட்டை இன்று பெரும்பாலும் பைரவியில் கேட்கிறோம். சாவேரி என்று குறித்திருப்பதும் உண்டு. வேறு பல பாட்டுகளிலும் இப்படித்தான். பழைய மெட்டுகள் பல வழக்கொழிந்துவிட்டன. பின்னால் வந்த வித்துவான்கள் புது மெட்டில் பாடி நிலைநிறுத்தினார்கள். ஆகவே ஒரு ரீச்சர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்று சொன்னால் இருவரில் ஒருவர் பிழை என்று முடிவுகட்ட வேண்டாம். பரீட்சைக்குப் போகும் பிள்ளை மட்டும் பாடத்திட்டத்தில் உள்ள ராகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மேடையில் சுதந்திரம் அதிகம்.

இரண்டாவது பயன், நீங்கள் கச்சேரிக்குப் போகும்போது. பாட்டு தொடங்கியதும் ‘இது யார் பேச்சு?’ என்று ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது போதும், ராகம் பிடிபடாவிட்டாலும் பாட்டு பிடிபட்டுவிடும்.

‘எப்படி மனம் துணிந்ததோ’ வந்தால், அது அயோத்தியா காண்டம். நான் காட்டுக்குப் போய்வருகிறேன், நீ இங்கே இரு என்று இராமன் சொல்லிவிட்டான். சீதை அவனிடம் சண்டை பிடிக்கிறாள். உசேனி ராகத்தில் இதை உருகி உருகிப் பாடுவார்கள். ஆனால் உருக்கத்துக்கு அடியில் கோபம் இருக்கிறது. என்னை விட்டுவிட்டுப் போக உமக்கு எப்படி மனம் வந்தது என்று கணவனை நேருக்கு நேராகக் கேட்கும் மனைவி அவள். அபிநயத்தில் (பொருளை முகத்தாலும் கையாலும் காட்டுவது) சீதையை அழ மட்டும் வைத்தால் பாட்டில் பாதி வீணாகிவிடும். கொழும்பு அரங்கேற்றங்களில் நடனமணி அடுத்த முறை இதை ஆடும்போது, அவள் எந்த இடத்தில் அழுகையை நிறுத்திவிட்டு வாதாடத் தொடங்குகிறாள் என்று கவனியுங்கள்.

‘அந்த ராம சௌந்தரியம்’ நமது ஊர்க் காட்சி, இடம் அசோகவனம். வந்திருப்பவன் உண்மையிலேயே இராமனின் தூதனா, இல்லை இன்னொரு மாயமா என்று சீதைக்குச் சந்தேகம். கம்பரில் அனுமன் இராமனின் உருவத்தை அங்கம் அங்கமாகச் சொல்லித் தன்னை நிரூபிப்பான். கவிராயர் அதைக் கேதாரகௌளையில் ஒரு பாட்டாகச் சுருக்கினார். ஆகவே இது வெறும் அழகு வருணனை இல்லை. அனுமன் காட்டும் அடையாளச் சீட்டு. ‘அம்மா’ என்று அவன் சீதையை அழைப்பதில் அவள் பயத்தைப் போக்கும் அவசரம் தெரியும். நுவரெலியாப் பக்கம் சீதா எலியவில் உள்ள சீதை அம்மன் கோயிலுக்குப் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக்காட்டலாம்.

‘கண்டேன் கண்டேன் கண்டேன் சீதையை’ என்பது அதே அனுமன் திரும்பிப் போய் இராமனிடம் சொல்வது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கம்பன் விழா கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. காத்திருப்பவன் ஒரு நொடியும் தவிக்கக் கூடாது என்று, ‘பார்த்துவிட்டேன்’ என்பதை முதலில் சொல்கிறான். கவிராயர் அதை மூன்று தரம் சொல்ல வைத்தார்.

எல்லாப் பாட்டும் பாத்திரங்களின் பேச்சுத்தானா? இல்லை. ‘ராமனைக் கண்ணாரக் கண்டானே’ என்ற பாட்டில் பேசுவது கதை சொல்பவர். இலங்கையை விட்டுப்போன விபீடணன் இராமனை முதன்முதலில் பார்க்கும் காட்சியை அவர் வெளியே நின்று சொல்கிறார். இப்படிப்பட்ட பாட்டைப் பாடுபவர் எந்தப் பாத்திரமாகவும் மாற வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் களனி எட்டும் தூரம்தான். களனி விகாரையில் சிங்களப் பௌத்தர்கள் விபீடணனைக் காவல் தெய்வமாக இன்றும் கும்பிடுகிறார்கள். தமிழ்ப் பாட்டில் அடைக்கலம் கேட்டு நிற்பவன் அங்கே அடைக்கலம் கொடுக்கும் தெய்வமாக இருக்கிறான்.

இராவணனை நம்மவன் என்று நினைக்கும் எங்களுக்கு இந்த நாடகம் ஒவ்வாதே என்று சிலர் கேட்பார்கள். கோணேசர் கோயிலில் இராவணன் வெட்டை (பாறைப் பிளவு) காட்டி வளர்த்த பிள்ளைகள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. கவிராயர் பின்பற்றியது கம்பரை. கம்பரின் இராவணன் சிறியவன் இல்லை. வீரன், இசை அறிந்தவன், சிவபக்தன். தவறு செய்த பெரியவனாகத்தான் அவன் வருகிறான்.

நாடகம் போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சியது ஏன்? விடிய விடிய நடக்கும் நாடகத்துக்குச் செலவு செய்யப் புரவலர் வேண்டும், கேட்க நேரம் வேண்டும். இரண்டும் குறைந்தன. பாட்டுகளோ கதாகாலட்சேபக்காரரிடமும் (கதையைப் பாட்டோடு சொல்பவர்) நடனக்காரரிடமும் தங்கிக்கொண்டன. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடி, 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கியபோது, கச்சேரிக்கு நல்ல தமிழ்ப் பாட்டு எங்கே என்ற கேள்விக்கு ஒரு பதில் இவரிடம் தயாராக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கீதபூஷணம் படித்துத் திரும்பிய நம்மூர் ஆசிரியர்கள் வழியாகவும், வானொலி வழியாகவும் அவருடைய பாட்டுகள் நமக்கும் வந்தன. ஹாண்டலுக்கும் இதே கதிதான்: அவருடைய ஓபராக்கள் அவர் இறந்த பிறகு மேடையை விட்டே போய்விட்டன. 1920இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஒன்றைத் தூசு தட்டி எடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திரும்பின. கவிராயருக்கு அப்படி ஒரு கோட்டிங்கன் இன்னும் வரவில்லை.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்? யூரியூப்பில் தலைப்பைத் தமிழில் எழுதித் தேடுங்கள். கதையின் வரிசையில் கேளுங்கள்: ‘யாரோ இவர்’, ‘எப்படி மனம்’, ‘அந்த ராம சௌந்தரியம்’, ‘கண்டேன் கண்டேன்’, ‘ராமனைக் கண்ணார’. ஒவ்வொன்றுக்கும் முன்னால் காட்சியை இரண்டு வாக்கியத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். ‘ஏன் பள்ளி கொண்டீரையா’ கடைசியில் வரட்டும். முன் கதை தெரிந்தால்தான் அந்தக் கேள்விகள் இனிக்கும்.

புத்தகம் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தேர்ந்தெடுத்த பாட்டுகளுக்குச் சுரம் போட்ட புத்தகம் வகுப்புக்கு உதவும், கதைக்கு உதவாது. விருத்தம், தரு எல்லாம் காண்டவாரியாக இருக்கும் முழு நூலே உங்களுக்கு வேண்டியது. வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருப் பக்கமும் உள்ள புத்தகசாலைகளில் கேட்டால் இந்தியப் பதிப்பை வரவழைத்துத் தர முடியுமா என்று சொல்வார்கள். வாங்கும் முன் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

பள்ளிக்கூட விழாவிலோ அறநெறி வகுப்பிலோ இதை நாடகமாகவே போட முடியுமா? தாராளமாக. மேலே சொன்ன ஐந்து பாட்டுகளும், நடுவில் கதை சொல்ல ஒரு பிள்ளையும் இருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் அடக்கலாம். ஒவ்வொரு பாட்டிலும் பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சுருதியை உயர்த்தி வையுங்கள். பெரியவர் பாடிய ஒலிப்பதிவைப் போட்டு வாயசைக்க வைத்தால் இதில் உள்ள சுகமே போய்விடும்.

அனுமதி வாங்க வேண்டுமா? கவிராயரின் சொற்களுக்கு வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை நீடிக்கும். இவர் இறந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆனால் அண்மையில் ஒருவர் போட்ட மெட்டுக்கும், ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. நிகழ்ச்சியைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் பிள்ளைகளும் பக்கவாத்தியக்காரரும் நேரடியாகப் பாடி வாசித்ததையே ஏற்றுங்கள். மெட்டு ரீச்சர் தாமே அமைத்தது என்றால் அவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.